எம்பரர் பெங்குவினுக்கு இன்னும் எத்தனை கூட்டம் வேண்டும்?

அண்டார்க்டிக் உடன்படிக்கை நாடுகளின் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம். எம்பரர் பெங்குவினைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய இனமாக அறிவிக்கும் யோசனை 2022-இல் பெர்லினில் உங்கள் முன் வந்தது. அத்தனை நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நிறைவேறும் என்பது உங்கள் விதி. ஒத்த கருத்து வரவில்லை, யோசனை நின்றுபோனது. 2024-இல் கொச்சியில் கூடினீர்கள், அங்கும் முடிவாகவில்லை. இந்தியாவும் உங்களில் ஒரு நாடு என்பதால் இதைக் கேட்கும் உரிமை எனக்கும் உண்டு.

இந்தப் பறவை கூடு கட்டுவதில்லை. மே, ஜூன் மாதங்களில், கரையோடு ஒட்டி உறைந்த கடற்பனி மேல் நின்றபடியே ஒரே ஒரு முட்டை இடுகிறது. இட்ட கையோடு பெட்டை அதை ஆணின் பாதங்களுக்கு உருட்டிவிடும். அந்த நேரத்தில் முட்டை பனியில் உருண்டு கிடந்தால் உள்ளே இருக்கும் உயிர் உறைந்து போகும். ஆண் தன் வயிற்று மடிப்பை அதன் மேல் இறக்கி மூடிக்கொள்ளும். பெட்டை இரை தேடிக் கடலுக்குப் போய்விடும். அப்புறம் இரண்டு மாதத்துக்கும் மேலாக, துருவ இருட்டில், ஆண்தான் அடைகாக்கிறது. இனப்பெருக்கத்துக்காகப் பனிக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டால் அது ஏறத்தாழ நான்கு மாதம் பட்டினி. பெட்டை திரும்புவதற்குள் குஞ்சு பொரிந்துவிட்டால், அந்த வெறும் வயிற்றுக்காரன் தன் உணவுக்குழாயில் சுரக்கும் பால் போன்ற ஒன்றைக் குஞ்சுக்கு ஊட்டுவான்.

இத்தனை பாடும் அந்தப் பனித்தரையை நம்பித்தான். குஞ்சின் பஞ்சுத் தூவி தண்ணீரைத் தாங்காது. நீர் ஒட்டாத இறகு முளைக்கும் டிசம்பர் மாதம்வரை பனி உடையாமல் இருக்க வேண்டும். 2022-இன் கடைசியில், அண்டார்க்டிகாவை ஒட்டிய பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில் அது முன்னதாகவே உடைந்தது. அங்கே அறியப்பட்ட ஐந்து பெங்குவின் குடியிருப்புகளில் நான்கில் ஒரு குஞ்சுகூடத் தப்பியிருக்க வாய்ப்பில்லை என்று செயற்கைக்கோள் படங்களைப் பார்த்த ஆய்வாளர்கள் சொன்னார்கள். அண்டார்க்டிகாவின் ஹேலி விரிகுடாவில் 2016-இல் பனி உடைந்து ஆயிரக்கணக்கான குஞ்சுகள் போயின. அடுத்த இரண்டு ஆண்டுகளும் அங்கே இனப்பெருக்கம் அனேகமாக நடக்கவே இல்லை.

எண்ணிக்கை இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது, பொறுத்துப் பார்க்கலாம் என்ற வாதம்தான் என்னைக் கலங்க வைக்கிறது. இது இருபது ஆண்டு வாழக்கூடிய பறவை. குஞ்சுகள் வரிசையாகச் செத்தாலும் பெரியவை நின்றுகொண்டே இருக்கும். தலைகளை எண்ணினால் கணக்கு சரியாகத்தான் வரும். இறந்த குஞ்சுகள் அந்தக் கணக்கில் குறையாகத் தெரிய ஆண்டுகள் ஆகும். அதற்குள் காலம் கடந்துவிடும்.

உங்கள் அறிவிப்பு பனி உருகுவதை நிறுத்தாது. சரி, அதற்கான வேலை வேறு மேடைகளில் நடக்க வேண்டும். ஆனால் குடியிருப்புக்கு எவ்வளவு அருகில் ஹெலிகாப்டர் இறங்கலாம், சுற்றுலாக் கப்பல் எந்த மாதத்தில் எந்தக் கடற்பனியை நெருங்கலாம், அடைகாக்கும் கூட்டத்துக்குள் ஆய்வாளர் எப்போது நுழையலாம் என்பதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. ஏற்கெனவே அடிபட்டு நிற்கும் பறவைக்கு நம்மால் வரும் தொந்தரவையாவது குறையுங்கள்.

உடன்படாத நாடுகளோடு அடுத்த கூட்டம் வரை காத்திராமல் இப்போதே பேசுங்கள். அறிவிப்பு வரும்வரை, அதில் நம்பிக்கையுள்ள நாடுகள் தங்கள் கப்பல்களுக்கும் ஆய்வு நிலையங்களுக்கும் இந்தக் கட்டுப்பாடுகளைத் தாங்களே விதித்துக்கொள்ளலாம். இந்தியா அதில் முதலாவதாக நிற்க வேண்டும் என்று இந்தியப் பிரதிநிதிகளைத் தனியாகவும் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு இந்தியக் குடிமகன்