பழி மட்டும் சித்திக்கு

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதமும் பால்கோவாவும் ஒரே நாளில் வந்தன. பால்கோவா அன்றைக்கே காலி. முட்டிவலி தேவலை, மாடிப்படிதான் இன்னும் பயமுறுத்துகிறது. மகள் வெளிவட்டச் சாலை நெரிசலைத் தாண்டி வீடு சேர்வதற்குள் பேத்தி தூங்கிவிடுவாள். அதனால் கதை சொல்லும் உத்தியோகம் எனக்கு. அது அடுக்ககம் முழுக்கப் பரவி, இப்போது சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கூட்டமே வந்து உட்காருகிறது.

போன வாரம் ஹான்ஸல், கிரெட்டல் கதை சொன்னேன். சூனியக்காரியை அடுப்பில் தள்ளிய இடத்தில் ஒரே கைதட்டல். ராத்திரி ஒரு அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்: “பெற்ற தாயே பிள்ளைகளைக் காட்டில் விடச் சொன்னாள் என்று சொன்னீர்களாமே ஆன்ட்டி? புத்தகத்தில் சித்தி என்றுதானே இருக்கிறது?” கிழவியை உயிரோடு சுட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பார்த்துக்கொள்.

நான் தெரிந்தேதான் சொன்னேன். இந்தக் கதைகளைத் தொகுத்த ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-ல் முதன்முதலாக அச்சிட்டபோது அவள் பெற்ற தாய்தான். 1840 பதிப்பில்தான் மாற்றாந்தாய் ஆனாள். ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவளும் முதலில் சொந்த அம்மாதான். அவளை 1819-லேயே மாற்றிவிட்டார்கள். கோபுரத்தில் இருக்கும் ராபன்ஸல், உடுப்பு ஏன் இறுகுகிறது என்று வெள்ளந்தியாகக் கேட்பாள். அவள் கர்ப்பம் என்பது அதில் தெரிந்துவிடுகிறதாம், அந்த வரியும் போனது. ஆனால் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்ன ராணி, பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பில் ஆடி ஆடியே சாவது 1857-ல் வந்த கடைசிப் பதிப்பிலும் அப்படியே இருக்கிறது. குழந்தைக்காகவா திருத்தினார்கள்? பெரியவர்களின் மானத்துக்காகத் திருத்தினார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஹான்ஸல், கிரெட்டலின் அப்பனைக் கவனித்தாயா? பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப் போனதில் அவனுக்கும் பங்கு உண்டு. கடைசியில் பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொள்வதும் அவனைத்தான். அதற்குள் அவன் பெண்டாட்டி செத்துப்போயிருப்பாள், எவ்வளவு சௌகரியம்!

நம் ஊரிலும் அதே கணக்குதான். உங்கள் பக்கத்து அர்ச்சுனாபுரத்தில் கோயில் கொண்டிருக்கும் நல்லதங்காள், ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டது பஞ்சம் தாங்காமல். அண்ணன் நல்லதம்பி வேட்டையில் இருந்தான். பழி முழுக்க, வந்தவளுக்குச் சோறு போடாத அண்ணி மூளி அலங்காரிக்கு. ஆனால் ஒன்று, அந்தக் கதை பெற்றவளை மறைக்கவில்லை. பசி வந்தால் தாய்க்கும் என்ன ஆகும் என்பதை நேராகச் சொல்கிறது. உன் ஆச்சி அதைப் பாடி நாம் கேட்டோமே, நாம் என்ன கெட்டா போனோம்?

இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத முடியுமா? “பழைய பதிப்பில் அம்மா என்றுதான் இருக்கிறது” என்று மட்டும் பதில் போட்டேன். அசல் காரணம் வேறு. போன வருஷம் அப்பா மறுமணம் செய்துகொண்ட ஒரு சின்னப் பெண் முன்வரிசையில் உட்காருகிறாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சித்திதான் காட்டில் விட்டாள் என்று எப்படிச் சொல்வேன்? உனக்குக் காய்ச்சல் கண்டால்கூட ‘சித்தி சோறு போடவில்லை’ என்று தெருவே பேசியதே, ஞாபகம் இருக்கிறதா? நீ என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பேச்சுக்காக அழுதாய். உன் சித்தி ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

பிள்ளைகளுக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. என் பேத்தி கேட்ட ஒரே கேள்வி: “அவங்க ஊர்ல ரேஷன் கடை இல்லையா பாட்டி?”

அடுத்து நல்லதங்காளையே சொல்லலாமா என்று யோசனை. மூத்தவன் ‘என்னை மட்டும் விட்டுவிடு’ என்று கெஞ்சும் இடம் எனக்கே தொண்டையை அடைக்கும், பாதியில் நிறுத்திவிடுவேனோ என்னவோ. உன் சித்திக்கு அந்தப் பாட்டு இன்னும் வருமா? வந்தால் போனில் பதிவு செய்து அனுப்பு. அவர்களுக்கு என் வணக்கம் சொல். கண் ஆபரேஷன் எப்போது என்றும் எழுது.

அன்புடன்,
சுமதி