கொறங்காட்டை எழுதினால் மதிப்பெண் கிடையாதா?

உயிரியல் பாடநூல் எழுதும் குழுவினருக்கும் விடைக்குறிப்பு தயாரிப்பவர்களுக்கும், காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு தாயின் வணக்கம்.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. போன மாதத் தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று: ஆற்றல் ஓட்டத்துக்கும் சத்துக்களின் சுழற்சிக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக. அவள் எங்கள் கொறங்காட்டை எழுதினாள். கிளுவை வேலி கட்டி, நடுவே வெள்வேல மரங்களை விட்டு, மேய்ச்சலுக்கென்றே காப்பாற்றி வரும் நிலம் அது.

வெயிலில் கொழுக்கட்டைப் புல் வளர்கிறது, அதைச் செம்மறி மேய்கிறது. உணவுச் சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் சேர்கிறது. மீதியில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடும், திரும்பி வராது. ஆனால் புல் எடுத்த தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) புழுக்கையாக, மூத்திரமாக அதே காட்டில் விழுந்து, நுண்ணுயிர்களால் மட்கி, மறுபடி புல்லுக்கே போகின்றன. நரிப்பயறின் வேர்முடிச்சில் இருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தருவதையும் எழுதியிருந்தாள். சந்தைக்குப் போகும் கிடாயோடு கொஞ்சம் சத்து காட்டை விட்டே போய்விடுகிறது என்பது வரைக்கும் யோசித்திருக்கிறாள்.

ஐந்துக்கு ஒன்று போட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் 'புத்தகத்தில் உள்ளபடி எழுதவும்' என்று இருந்தது.

ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். "விடைக்குறிப்பில் இல்லாததற்கு நான் எப்படிங்க மார்க் போடுவது?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் மேல் இருக்கிறது. இந்தப் பத்து சதவீத விதியைச் சூழலியல் அறிஞர் லிண்ட்மன் 1942-இல் சொன்னார். அது உங்கள் புத்தகத்து மானுக்கும் புலிக்கும் மட்டும் சொன்னதல்ல, எங்கள் செம்மறிக்கும் சேர்த்துத்தான். கருத்து சரியாக இருக்கும்போது எடுத்துக்காட்டுக்காக ஏன் மதிப்பெண்ணை வெட்ட வேண்டும்?

விடிவதற்கு முன் எழுந்து பட்டியைக் கூட்டிவிட்டுப் பள்ளிக்குப் போகிற பிள்ளை அவள். விடைத்தாள் வந்த அன்று ராத்திரி, "இனிமேல் மானையே எழுதிடறேம்மா" என்றாள். அதற்கு அப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கே உரத்துக்காக விளைநிலத்தில் ஆட்டுப்பட்டி போட ஆள் கிடைப்பதில்லை. 45 கிலோ யூரியா மூட்டையை வாங்கி இறைக்கிறோம். அதில் 46 சதவீதம், அதாவது 21 கிலோவுக்கும் சற்றுக் குறைவாகத்தான் நைட்ரஜன். காற்றிலோ 78 சதவீதம் இருக்கிறது. பயிரோடு பயறு விதைத்தவர்களுக்கு அதைப் பிடிக்கும் வழி தெரிந்திருந்தது. கொறங்காடுகளும் ஒவ்வொன்றாக மனையாகின்றன. சரி, இதையெல்லாம் உங்களிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது. உங்களால் முடிந்ததை மட்டும் கேட்கிறேன்.

கருத்து சரியாக இருந்தால், மாணவர் தன் ஊரிலிருந்து எடுத்துக்காட்டு தந்தாலும் முழு மதிப்பெண் வழங்கலாம் என்று விடைக்குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அடுத்த தேர்வுக்கு முன்னால் அது எங்கள் ஆசிரியர்கள் கைக்கு வந்து சேரும்படி தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள்.