உட்கார வைத்தே வலியைக் கேட்கிறோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த முதுகுவலிக் கட்டுரை ஸ்கேன், பெல்ட், அறுவைச் சிகிச்சை என எல்லாவற்றையும் நன்றாக விளக்கியது. ஒருவருக்குத் தொந்தரவு எந்த அளவு முற்றியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் காணோம். பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

கீழ் முதுகில் நரம்புகள் இறங்கும் கால்வாய் வயதாக ஆக சிலருக்குக் குறுகிவிடும். ஸ்டெனோசிஸ் என்பார்கள். நிமிர்ந்து நின்றாலோ நடந்தாலோ அந்த இடம் இன்னும் நெருங்கி நரம்பு அழுந்தும்; உட்கார்ந்தால், முன்னால் குனிந்தால் கொஞ்சம் இடம் கிடைத்து வலி அடங்கிவிடும். சைக்கிளில் ஊரைச் சுற்றி வருபவர் தெருமுனை வரை நடக்க முடியாமல் தவிப்பது இதனால்தான்.

நாம் என்ன செய்கிறோம்? ஓ.பி.யில் வெகுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டு, நாற்காலியிலும் உட்கார வைத்து, “பத்துக்கு எத்தனை வலி?” என்று கேட்கிறோம். பூ விற்கும் ஓர் அம்மா, “இப்ப ஒண்ணும் இல்ல தம்பி, ரெண்டு போட்டுக்கங்க” என்றார். வராந்தாவில் நடக்கச் சொன்னேன். பாதி தூரம்கூடப் போகவில்லை, சுவரைப் பிடித்துக் குனிந்துவிட்டார். இரண்டு காலும் மரத்துப்போய், கெண்டைக்காலில் குடைச்சல். சீட்டில் இருந்த ‘இரண்டு’க்கும் அந்த அம்மாவின் பிழைப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எம்.ஆர்.ஐ. சொல்லிவிடும் என்று நினைப்பதும் சரியில்லை. படத்தில் கால்வாய் நன்றாகக் குறுகியிருந்தும் ஒரு தொந்தரவும் இல்லாமல் நடமாடும் பெரியவர்கள் நிறையப் பேர்.

இதற்கென்றே கேள்வித்தாள்கள் இருக்கின்றன. 1996-இல் வெளியான சூரிச் கேள்வித்தாள் ஸ்டெனோசிஸுக்காகவே செய்தது. முதுகுவலி, கால்வலி, மரத்துப்போதல், காலில் பலமின்மை, தள்ளாட்டம் என்று அறிகுறிகளைப் பற்றி 7 கேள்விகள்; எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், கடைக்குப் போகிறீர்களா என்று நடமாட்டம் பற்றி 5. முதுகுவலியால் அன்றாட வேலைகள் எவ்வளவு தடைபடுகின்றன என்று அளக்க இங்கிலாந்திலிருந்து 1980-இல் வந்த ஆஸ்வெஸ்ட்ரி அளவுகோலில் 10 பகுதிகள்; ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 5, மொத்தம் 50 மதிப்பெண். அதில் தாம்பத்தியம் பற்றிய கேள்வியை நம் ஊரில் பலர் விட்டுவிடுவார்கள். அப்போது 50-க்குப் பதில் 45-க்குத்தான் சதவீதம் கணக்கிட வேண்டும். அதைப் பூஜ்யமாகப் போட்டால் நோயாளியின் கஷ்டம் தாளில் குறைந்துவிடும்.

தாளை நீட்டி “நிரப்பிக் கொண்டு வாங்க” என்றால் நடக்காது. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் கேட்க வேண்டும். மைல், கெஜம் என்று கேட்காமல், “பஸ் ஸ்டாப் வரைக்கும் நிற்காமல் போக முடியுதா? வழியில் எத்தனை இடத்தில் உட்காருவீங்க?” என்று கேட்டால் பதில் தெளிவாக வரும். சிகிச்சைக்குப் பிறகும் அதே கேள்விகளைக் கேட்டால்தான் குணமா இல்லையா என்று தெரியும்.

சில அறிகுறிகள் வந்தால் மட்டும் அளந்துகொண்டு காத்திருக்கக் கூடாது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, மலம் அறியாமல் போனாலோ, தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

அடுத்த முறை முதுகுவலி பற்றி எழுதும்போது, இந்தக் கேள்விகளை எளிய தமிழில் ஒரு கட்டத்துக்குள் போடுங்கள். வாசகர்கள் வெட்டி எடுத்து, வீட்டிலேயே பதில் எழுதி, டாக்டரிடம் கொண்டுபோகட்டும்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்,
மதுரை