மாலதிக்கு, அம்மாவின் ஊசிகள் பற்றி

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு இன்சுலின் ஆரம்பித்துவிட்டார்கள் என்று படித்ததும் கொஞ்சம் பதறினேன், ஆனால் சர்க்கரை கட்டுக்குள் வருகிறது, அவரே ஊசி போட்டுக்கொள்ளப் பழகிவிட்டார் என்று அடுத்த பத்தியில் எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. பையன் படிக்கப் போனபிறகு வீடு வெறிச்சென்று இருப்பதைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்குத் தனியாகப் பதில் போடுகிறேன். இப்போது நீ கடிதத்தின் ஓரத்தில் ஒரே வரியில் கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன், எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது: ஊசிக்கு மூடி போட்டுக் குப்பைத்தொட்டியில் போட்டால் போதும்தானே?

போதாது மாலதி. நான் வார்டு வேலையை விட்டு நோய்த்தொற்றுத் தடுப்புப் பிரிவுக்கு வந்ததிலிருந்து, கையில் ஊசி குத்திக்கொண்டவர்கள் எல்லாரும் முதலில் வந்து நிற்பது என் மேசைக்கு முன்னால்தான். டாக்டர்களும் நர்ஸ்களும் வருகிறார்கள், சரி, அது எல்லாரும் எதிர்பார்ப்பது. ஆனால் குப்பைப் பையைத் தூக்கிய துப்புரவுப் பணியாளர், படுக்கை விரிப்பை உதறி மடித்த சலவைக்காரர், இவர்களும் வருகிறார்கள். அந்த ஊசியை எடுத்ததும் இவர்கள் இல்லை, போட்டதும் இவர்கள் இல்லை. விரிப்பின் மடிப்புக்குள் யாரோ விட்டுப்போன ஊசி, இழுத்த வேகத்தில் கட்டைவிரலின் அடியில் ஏறிவிடுகிறது. குத்தியது சின்னப் புள்ளிதான், கழுவினால் ரத்தம்கூட நின்றுவிடும். அதற்கப்புறம்தான் அவருடைய முகத்தைப் பார்க்க முடியாது.

ஏனென்றால் உடனே கேட்கவேண்டிய கேள்விகளில் ஒன்று, இது யாருக்குப் போட்ட ஊசி என்பது. வார்டில் நோயாளியின் பக்கத்திலேயே குத்தியிருந்தால் அந்த நோயாளியின் சம்மதத்தோடு ரத்தத்தைப் பரிசோதித்து, அன்றைக்கே ஓரளவு தெளிவுக்கு வந்துவிடலாம். பையிலிருந்து குத்தினால் யாரைப் பரிசோதிப்பது? மஞ்சள் காமாலை பி (ஹெபடைட்டிஸ் பி) தடுப்பூசி போடாதவருக்கு அந்தக் கிருமியுள்ள ரத்த ஊசி குத்தினால், 100 பேரில் 6 முதல் 30 பேர் வரை தொற்று வர வாய்ப்பு உண்டு. மஞ்சள் காமாலை சி-க்கு 100-க்கு 2-க்கும் குறைவு, எச்ஐவி-க்கு 1000-க்கு 3 என்ற அளவில்தான். எண்ணைச் சொல்லி ஆறுதல் சொல்லலாம், சொல்கிறேன். ஆனால் பி கிருமி உடலுக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில் 7 நாள் வரைகூடத் தாக்குப்பிடிக்கும், அதனால் "பழைய ஊசிதானே" என்று விட்டுவிடவும் முடியாது. யாருடையது என்று தெரியாத ஊசி என்றால், குத்திய இடம், ஊசியின் வகை எல்லாவற்றையும் வைத்து ஊகித்துத்தான் மருந்து தர முடிவெடுக்கவேண்டியிருக்கிறது. எச்ஐவி தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கவேண்டும், 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிடவேண்டும். அதற்கப்புறமும் மாதக்கணக்கில் பரிசோதனை, அதுவரை வீட்டில் கணவனிடம், மனைவியிடம் என்ன சொல்வது என்ற தவிப்பு.

சரி, உன் வீட்டுக்கு வருகிறேன். அம்மா பயன்படுத்துவது இன்சுலின் பேனாவா சிரிஞ்சா என்று எழுதவில்லை. பேனா என்றால், போட்டு முடித்ததும் ஊசியைக் கழற்றிவிடவேண்டும், அதிலேயே விட்டுவைத்தால் உள்ளே காற்றுப் போகும், மருந்து கசியும், அடுத்த அளவு தப்பாகப் போய்விடும். உள்ளே இருக்கும் சின்ன மூடியைத் திரும்ப மாட்டவே கூடாது. பெரிய வெளிமூடியை மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு கையால் பேனாவைப் பிடித்து ஊசியை அந்த மூடிக்குள் நுழைத்து, அப்புறம் திருகிக் கழற்றி நேராக டப்பாவில் போடச் சொல். ஊசி மூடிக்குள் போகும்வரை இன்னொரு கை மூடியின் பக்கமே போகக்கூடாது. என்றைக்காவது அம்மாவுக்கு முடியாமல் நீ போட்டுவிட்டால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அப்போது குத்தப்போவது உன் கையில். சர்க்கரை பார்க்கக் குத்தும் லான்செட்டும் இதே டப்பாவில்தான். பேனாவையும் யாருக்கும் இரவல் தரக் கூடாது, ஊசியை மாற்றினாலும் கூடாது, போடும்போது துளி ரத்தம் உள்ளே மருந்துக் குப்பிக்குத் திரும்பப் போக வாய்ப்பிருக்கிறது.

டப்பா என்றால் இதற்கென்றே விற்கும் ஷார்ப்ஸ் டப்பா கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் துணி துவைக்கும் திரவ சோப்பு வரும் கெட்டிப் பிளாஸ்டிக் பாட்டில் போதும், திருகுமூடி இருக்கவேண்டும், சாய்ந்தால் கவிழாமல் நிற்கவேண்டும். தண்ணீர் பாட்டில் வேண்டாம், ஊசி அதைத் துளைத்துவிடும். கண்ணாடி உடையும். வெளியே பெரிய எழுத்தில் "பயன்படுத்திய ஊசி" என்று எழுதி ஒட்டு, ஆரம்பித்த தேதியையும் எழுது. முக்கால்வாசி நிறைந்ததும் நிறுத்திவிடவேண்டும், இன்னும் நாலு ஊசி போகும் என்று அழுத்தக்கூடாது, அழுத்தும்போதுதான் குத்தும். மூடியைத் திருகி டேப் ஒட்டிவிடு. மறுசுழற்சிக் குப்பையில் அந்தப் பாட்டிலைப் போடவே கூடாது, அங்கே கையால் பிரிப்பார்கள். கழிவறையிலும் வேண்டாம்.

புது ஊசிகளையும் கவனமாக வை. யாராவது குழந்தைகளோடு வந்தால் முதலில் கைக்கு எட்டுவது அலமாரியின் கீழ்த்தட்டுதான். வெளியே போகும்போது ஒரு சின்னக் கெட்டி டப்பாவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஊசியைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்துவிடலாம்.

ஆஸ்பத்திரியில் இதே விதிகள்தான், கொஞ்சம் பெரிய அளவில். டப்பா ஊசி போடுகிற இடத்திலேயே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில், அதன் வாய் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் இருக்கவேண்டும். தரையில் வைத்தால் குனிந்து குத்துமதிப்பாகப் போடுவார்கள். தள்ளி வைத்தால் ஊசியோடு நடப்பார்கள், இல்லையென்றால் தட்டிலேயே வைத்துவிடுவார்கள், அந்தத் தட்டை வேறொருவர் எடுப்பார். நான் வார்டு சுற்றும்போது மற்றதை எல்லாம் விட்டுவிட்டு முதலில் டப்பா எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பேன், அதிலேயே அந்த வார்டின் பாதிக் கதை தெரிந்துவிடும். நிறைந்து வழிந்து வாயில் ஊசி துருத்திக்கொண்டு நிற்கும் டப்பாவைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும் மாலதி, இத்தனை வருஷம் ஆகியும் வருகிறது.

அப்புறம் டப்பாவின் மேல் இருக்கும் சீட்டு. எந்த வார்டு, எப்போது திறந்தது, எப்போது மூடியது, மூடியது யார், எடுத்துப்போனது யார். இதை வெட்டி எழுத்துவேலை என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். கழிவு அறையில் ஒரு டப்பாவிலிருந்து ஊசி வெளியே வந்திருந்தால், சீட்டு இருந்தால் அந்த வார்டுக்குப் போய் உட்கார்ந்து பேசலாம்: டப்பா போதவில்லையா, இரவு ஷிஃப்டில் மாற்ற ஆள் இல்லையா, மூடி சரியில்லையா? சீட்டு இல்லையென்றால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சுற்றறிக்கை போகும், யாரும் படிக்கமாட்டார்கள். ஆபரேஷன் தியேட்டரில் பார், தையல் ஊசிகளைத் தொடங்கும்போதும் தையல் போட்டு மூடும்போதும் இரண்டு பேர் சேர்ந்து வாய்விட்டு எண்ணுவார்கள். ஒன்று குறைந்தால் காந்தக்கோலால் தரையெல்லாம் தேடி, தேவைப்பட்டால் எக்ஸ்ரேயும் எடுப்பார்கள், அதிலும் மிகச் சின்ன ஊசிகள் தெரியாமல் போகலாம். நோயாளியின் உடலுக்குள் போய்விடக்கூடாது என்பதற்காக இவ்வளவு செய்கிறோம், செய்யத்தான் வேண்டும். கழிவைத் தூக்குகிறவரின் கைக்கும் அதில் பாதி கவனமாவது வேண்டும் என்பதுதான் நான் போகிற கூட்டங்களில் எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது.

அமெரிக்காவில் 2000-இல் மருத்துவ ஊழியர்களுக்கு ஊசி குத்துவதைத் தடுப்பதற்கென்று ஒரு சட்டமே வந்தது, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010-இல். அமெரிக்கச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் இரண்டு. குத்திய ஊசி என்ன வகை, எந்தக் கம்பெனி, எந்தப் பிரிவில், எப்படிக் குத்தியது என்று பதிவேட்டில் எழுதவேண்டும், குத்துப்பட்டவரின் பெயர் வெளியே தெரியாமல். புது உபகரணம் வாங்கும்போது நோயாளிகளைக் கவனிக்கும் ஊழியர்களிடம் கருத்துக் கேட்கவேண்டும். எழுதினால் திட்டு விழும் என்று தெரிந்தால் யார் எழுதுவார்கள்? குத்தியதைத் துடைத்துக்கொண்டு பேசாமல் போய்விடுவார்கள். அப்படி மறைத்தவர்களையும் எனக்குத் தெரியும், காலம் தாழ்ந்து வந்து அழுதவர்களையும் தெரியும்.

கடைசியில் இந்த ஊசிகள் எல்லாம் எங்கே போகின்றன என்று கேட்பாய். ஒன்று, ஆட்டோகிளேவில் 121 டிகிரிக்கு மேல் அழுத்த நீராவியில் வேகவைத்து அப்புறம் துண்டுதுண்டாக அரைப்பார்கள். அல்லது 850 டிகிரிக்கும் மேலே எரியும் உலையில் போடுவார்கள். திறந்த குழியில் போட்டுக் கொளுத்துவது மகா தப்பு: பிளாஸ்டிக் புகையோடு நச்சு வாயு வரும், இரும்பு உருகாது, சாம்பலுக்குள் ஊசி அப்படியே கூராகக் கிடக்கும். அதனால் தயவுசெய்து தோட்டத்தில் வைத்துக் கொளுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே.

அம்மா மருந்து வாங்கும் மருந்துக்கடையிலும் பார்க்கும் டாக்டரிடமும் நிறைந்த டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்று கேள். இல்லை என்றால் உங்கள் பகுதிக் குப்பைத் துறையில் ஊசிக்கு என்ன ஏற்பாடு என்று கேள், இடத்துக்கு இடம் மாறும். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது. ஒருவேளை வீட்டில் யாருக்காவது குத்திவிட்டால் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் போட்டுக் கழுவு, காயத்தை அழுத்திப் பிழியாதே, வாயில் வைக்காதே, அன்றைக்கே டாக்டரிடம் போ. நீ மஞ்சள் காமாலை பி தடுப்பூசி எல்லாத் தவணையும் போட்டாயா? போடவில்லை என்றால் அதையும் இந்த வாரமே பார்.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கலா