மூலப் பத்திரம் இல்லாத சொத்தும் தீராத கடனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சந்தை விலையைவிடக் குறைவாகக் கிடைக்கிறது என்பதற்காக, மூலப் பத்திரம் கையில் இல்லாத, வில்லங்கச் சான்றில் கடன் பதிவு நீங்காத வீடுகளையும் மனைகளையும் நடுத்தரக் குடும்பத்தினர் வாங்கத் துணிவதைக் கண்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். வங்கியின் வீட்டுக் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் யோசனை கேட்டு வருவோரில் பலர் இவ்விரண்டையும் தொடர்பற்ற இரு சிறு குறைகளாகவே சொல்கிறார்கள். பத்திரம் வீடு மாறும்போது தொலைந்துவிட்டதாம். கடன் ஏதோ பழைய பாக்கியாம், கிரயப் பணம் வந்ததும் அடைத்துவிடுவார்களாம். இரண்டும் ஒரே சொத்தில் சேர்ந்து வந்தால், பத்திரம் தொலையவில்லை, கடன் கொடுத்தவரின் பெட்டகத்தில் இருக்கிறது என்றுதான் முதலில் கொள்ள வேண்டும். அப்படியில்லை என்று காட்ட வேண்டியவர் விற்பவர்.

1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, கடனுக்கு ஈடாக உரிமைப் பத்திரங்களை ஒப்படைப்பதே ஒருவகை அடமானம். வங்கிகள் வீட்டுக் கடனுக்கு இம்முறையையே பெரிதும் பின்பற்றுகின்றன. வில்லங்கச் சான்றில் இது உரிமை ஆவண ஒப்படைப்பு என்று இடம்பெறும், வங்கியிலும் பதிவு அலுவலகத்திலும் எம்.ஓ.டி. என்பார்கள். அவ்வாறு பதிவான கடனைப்பற்றிச் சொத்தை வாங்குபவர் அறிந்திருந்தார் என்றே சட்டம் கொள்ளும். சான்றைப் பார்க்கவில்லை, ஆவண எழுத்தர் சொல்லவில்லை என்ற வாதம் நீதிமன்றத்தில் நிற்காது. விசாரித்திருக்க வேண்டியதை வேண்டுமென்றே விசாரிக்காமல் விட்டவரும், பெரும் அலட்சியத்தால் விட்டவரும்கூட அறிந்தவராகவே கருதப்படுவர். மூலப் பத்திரம் எங்கே என்று கேட்காமல் பணம் கொடுத்தவரின் நிலை இதுதான்.

கிரயப் பத்திரங்களில் வழக்கமாக எழுதப்படும் ஒரு வாசகத்தை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். பின்னால் ஏதேனும் வில்லங்கம் தோன்றினால் என் சொந்தப் பொறுப்பிலும் செலவிலும் தீர்த்துக் கொடுப்பேன் என்று விற்பவர் எழுதிக் கையெழுத்திடுவார். அது விற்பவர்மீது வழக்குத் தொடர வாங்குபவருக்கு வழி தரும். கடன் கொடுத்த வங்கியை எவ்வகையிலும் கட்டுப்படுத்தாது. சொத்து கைமாறினாலும் அடமானம் அதன் கூடவே வரும். கடன் வாராக்கடனாகிவிட்டால், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அவகாசம் தரும் அறிவிப்புக்குப் பின் வங்கி நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமலேயே சொத்தைக் கையகப்படுத்தி ஏலம் விட முடியும். அந்த அறிவிப்பைப் பெற்ற கடனாளி, வழக்கமான வணிகத்துக்காக அன்றி, வங்கியின் எழுத்துமூலமான முன் ஒப்புதல் இல்லாமல் சொத்தை விற்கவும் கூடாது. அறிவிப்பு போவதோ விற்பவருக்கு. வாங்கப் போகிறவருக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை, தேடிக் கேட்டாலொழிய.

வில்லங்கச் சான்றில் கடன் எதுவும் இல்லையென்றால் போதும் என்பதும் அரைகுறை நம்பிக்கைதான். பத்திரத்தை ஒப்படைத்துப் பணம் பெற்றபோது அதுபற்றி ஆவணம் எதுவும் எழுதிப் பதிவு செய்யப்படவில்லை என்றால், சான்றில் அது வராது. தனியார் வட்டிக்காரரிடம் பத்திரம் கிடக்கும் நேர்வுகளில் பெரும்பாலும் இப்படித்தான். உயில் வேறு புத்தகத்தில் பதிவாவதால் அதுவும் சான்றில் தெரியாது. மனை பிரிக்கப்பட்டு உட்பிரிவு எண் மாறியிருக்கலாம். அந்தக் கிராமமே ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருக்கலாம். இன்றைய சர்வே எண்ணை மட்டும் கொடுத்து, இன்றைய அலுவலகத்தில் மட்டும் தேடினால், தகப்பனார் காலத்தில் முழு நிலத்தின்மீது வாங்கிய கடன் கண்ணில் படாமலேயே போகும். பழைய எண், பழைய அலுவலகம் இரண்டிலும் குறைந்தது 30 ஆண்டுகளுக்குத் தேட வேண்டும். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். வங்கிகளும் வீட்டுவசதி நிறுவனங்களும் தங்கள் அடமானங்களைப் பதியும் செர்சாய் என்ற மத்தியப் பதிவகம் 2011 முதல் இயங்குகிறது. சிறு கட்டணத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம் என்றாலும் தரகர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை.

சார்பதிவாளர் பதிந்து கொடுத்துவிட்டால் சொத்தில் குறையில்லை என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. முந்தைய மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று தமிழ்நாடு அரசு 2022-இல் கொண்டுவந்த 55-ஏ விதியின் அப்பகுதியை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாது என்று அறிவித்தது. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலையன்று என்பதே தீர்ப்பின் சாரம். அதன்பின் மூலப் பத்திரத்தைச் சட்டத் திருத்தத்தின் வழியாகவே கட்டாயமாக்க மாநில அரசு முனைந்தது. அந்த நோக்கத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் எந்த விதி வந்தாலும், பத்திரம் தொலைந்தது என்பதற்கான காவல்துறைச் சான்று இருந்தால் வழி திறக்கும். அச்சான்று புகார்தாரர் சொன்ன பத்திரம் தேடியும் கிடைக்கவில்லை என்று கூறுகிறதே தவிர, அது எங்கும் அடகில் இல்லை என்று கூறவில்லை. சான்றிட்ட நகலும் அப்படியே. அதைக் கட்டணம் செலுத்தி எத்தனை முறை வேண்டுமானாலும் வாங்கலாம், மூலம் ஒன்றுதான்.

கடன் உள்ள சொத்தை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முறையாக வாங்கலாம். பணத்தை விற்பவரிடம் கொடுத்து அடைக்கச் சொல்லக் கூடாது என்பதுதான் என் வாதம். வில்லங்கமின்றி விற்பதாகப் பேசப்பட்ட சொத்தில் கடன் நிலுவை இருந்தால், அத்தொகையைக் கிரய விலையில் பிடித்துக்கொண்டு உரியவருக்கு நேரடியாகச் செலுத்த வாங்குபவருக்குச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவே உரிமை தருகிறது. இதைக் கேட்கும்போது விற்பவருக்கு மனத்தாங்கல் வரும் என்று கூச்சப்படுவோரைப் பார்த்திருக்கிறேன். வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்கும் இடத்தில் அந்தக் கூச்சத்துக்கு வேலையில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, இன்ன தேதிவரை இவ்வளவு நிலுவை, இன்னின்ன ஆவணங்கள் எங்கள் வசம் உள்ளன என்று வங்கியின் கடிதத்தை விற்பவர் வாங்கித் தர வேண்டும். நிலுவையை அந்தக் கடன் கணக்கின் பெயரிலேயே வரைவோலையாகச் செலுத்தி, மூலப் பத்திரங்கள் வெளியே வந்து, கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவான பிறகே மீதிப் பணமும் கிரயமும்.

அந்த ரசீதில்தான் நேர்மையான விற்பனையாளர்களும் சிக்கிக்கொள்கிறார்கள். கடன் முழுதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவகங்களில் உள்ள கடன் பதிவையும் நீக்க வேண்டும், தங்களால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் உத்தரவு 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அப்படியிருந்தும் ரசீது ஆவணத்தைப் பதிவு செய்யக் கடனை அடைத்தவரே பல இடங்களில் அலைய வேண்டியுள்ளது. அலையாமல் விட்டவர்களின் சொத்தில் தீர்ந்த கடனும் தீராததுபோல் நிற்கிறது. தீர்ந்ததும் தீராததும் சான்றில் ஒன்றுபோலத் தெரிவதே ஏமாற்றுபவர்களுக்கு வசதி. கடன் முடிந்த தகவலை வங்கியே இணையவழியில் சார்பதிவாளருக்கு அனுப்பிச் சான்றில் ஏற்றும் முறையைப் பதிவுத் துறை கொண்டுவர வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பத்திரம் தொலைந்ததாக வெளியாகும் பொது அறிவிப்புகளில் சர்வே எண்ணும் ஆவண எண்ணும் படிக்க முடியாத சிறு எழுத்தில் வருகின்றன. ஊர்ப் பெயர்கூடச் சில அறிவிப்புகளில் இல்லை. கிராமம், சர்வே எண், ஆவண எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் ஆகிய ஐந்தும் தெளிவாக இல்லாத அறிவிப்பை ஏற்பதில்லை என்று தாங்கள் முடிவெடுத்தால், பத்திரத்தை ஈடாக வைத்திருப்பவர் அதைப் பார்த்து ஆட்சேபம் தெரிவிக்க வாய்ப்பு இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.