செட் வாங்கும் முன் ஒரு வார்த்தை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்துப் படங்களை எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். குழந்தை அப்படியே உன் அம்மா ஜாடை. இங்கே எல்லோரும் சுகம். மனைவிக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காலையில் பேப்பர் இப்போது முதலில் அவளுக்குத்தான்.

செட்டிபாளையத்தில் கோல்ஃப் ஆட ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை வருஷமாகக் கூப்பிட்டேன்! ஆனால் கடைசிப் பாராவில் நீ எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் உடனே பேனாவை எடுத்தேன். அமெரிக்காவிலிருந்து வரும் மாப்பிள்ளை, தொழில்முறை டூர் ஆட்டக்காரர்கள் வைத்திருப்பது போன்ற பிளேடு அயர்ன் செட், அதாவது இரும்புத் தலை போட்ட மெல்லிய மட்டைகள், வாங்கி வருவதாகச் சொன்னாராம். வேண்டாம் என்று சொல்லிவிடு. அவர் மனம் நோகாமல் சொல், ஆனால் சொல்லிவிடு.

காரணம் இதுதான். பிளேடு பார்க்க அழகு, மெல்லிய தகடு மாதிரி இருக்கும். பந்து சரியாக நடுவில் பட்டால் கையில் ஒன்றுமே தெரியாது. அரை அங்குலம் தள்ளிப் பட்டாலோ மட்டையின் தலை கைக்குள் திருகிக்கொள்ளும், தூரமும் போய்விடும், திசையும் போய்விடும். கேவிட்டி பேக் அயர்னில் பின்பக்கம் குடைந்து, அந்த எடையை ஓரங்களுக்குக் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். அதனால் தள்ளிப் பட்டாலும் தலை அவ்வளவாகத் திரும்பாது. இந்த எண்ணத்தைப் பரப்பியவர் கார்ஸ்டன் சோல்ஹைம், ஜெனரல் எலக்ட்ரிக்கில் எஞ்சினியராக இருந்தவர். 1959-இல் தன் வீட்டு கராஜில் ஒரு பட்டர், பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை, செய்தார். அது பந்தைத் தொடும்போது எழுந்த சத்தத்தையே பிங் என்று பெயராக வைத்தார். முதலில் பட்டரில் செய்ததை அப்புறம் அயர்னுக்கும் கொண்டுவந்தார். ஆட ஆரம்பித்திருக்கும் நமக்கு அவர் செய்தது பெரிய உபகாரம். பத்துத் தடவை அடித்தால் எட்டுத் தடவை எங்கே படுகிறதோ, அந்த எட்டுக்குத்தான் கிளப் வாங்க வேண்டும்.

அடுத்தது ஷாஃப்ட், மட்டையின் கம்பு. இதைத்தான் யாரும் புதியவருக்குச் சொல்வதில்லை. தலை எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள், கம்பை விட்டுவிடுவார்கள். ஸ்டீல் ஷாஃப்ட் பொதுவாக 90 முதல் 130 கிராம், கிராஃபைட் அதில் பாதிக்குக்கூட வரும். உன் வயதில், உன் தோள்பட்டை வலியோடு, ஸ்டிஃப் (விறைப்பு) என்று எழுதியிருக்கும் கனமான ஸ்டீலைத் தொடாதே. ரெகுலர், இல்லாவிட்டால் இன்னும் நன்றாக வளையும் சீனியர் ஃப்ளெக்ஸ் கிராஃபைட் வைத்து அடித்துப் பார். பதினைந்தாவது ஹோலிலும் கை சோராமல் இருந்தால் அதுதான் உன்னுடையது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். "என் செவன் அயர்ன் 150 கெஜம் போகிறது" என்று எழுதியிருக்கிறாய். நல்ல அடிதான். ஆனால் பழைய செட்டில் செவன் அயர்னின் முகச் சாய்வு 35 டிகிரி அளவில் இருந்தது. சாய்வு குறைந்தால் தூரம் கூடும். இன்றைய புதிய செட்களில் பலவற்றில் அது 30-க்குக் கீழே வந்துவிட்டது, அதாவது அந்தக் காலத்து சிக்ஸ், ஃபைவ் அயர்ன். எண் அதேதான், கிளப் வேறு. இதனால் உனக்கு வரப்போகும் சங்கடம், கிட்டத்து அடிக்கான வெட்ஜ் மட்டைகளில். செட்டோடு வரும் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரி, நீ தனியாக வாங்கும் சாண்ட் வெட்ஜ் 56 என்றால் நடுவில் பெரிய ஓட்டை. 90 கெஜத்தில் நின்றுகொண்டு எதை எடுப்பது என்று திண்டாடுவாய். 50 டிகிரியில் ஒன்று சேர்த்துக்கொள். வாங்கும்போது எண்ணைப் பார்க்காதே, டிகிரியைக் கேள்.

பையில் 14 கிளப் வைத்துக்கொள்ளலாம் என்பது உச்சவரம்புதான், நிரப்பியே ஆகவேண்டும் என்றில்லை. இப்போதைக்கு தூர அடிக்கு ஒரு டிரைவர், அதுவும் 10.5 டிகிரிக்குக் குறையாமல், வுட் பாதி அயர்ன் பாதியாகச் செய்த ஒரு ஹைபிரிட், ஆறிலிருந்து ஒன்பது வரை அயர்ன், நான் சொன்ன வெட்ஜ்கள், பட்டர். த்ரீ அயர்ன், ஃபோர் அயர்ன் எல்லாம் வேண்டவே வேண்டாம், அந்த வேலையை ஹைபிரிட் சுலபமாகச் செய்யும். மிச்சப்படும் பணத்தைப் பட்டரில் போடு. ஒரு சுற்றுக்கு இத்தனை தடவை அடிக்கலாம் என்று பார் 72 கணக்குப் போடும்போதே, அதில் 36 தடவை குழியைச் சுற்றிய கிரீனில் பட்டரால் ஆடுவது என்று வைத்துத்தான் போடுகிறார்கள்.

நீ உயரம் என்பதால் இதையும் பார். ஷூ போட்டு நேராக நின்று, கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை மாப்பிள்ளையை அளக்கச் சொல். ஏறத்தாழ 34-லிருந்து 37 அங்குலத்துக்குள் இருந்தால் கடையில் கிடைக்கும் நீளமே போதும். அதற்கு மேல் போனால் மட்டையை ஆளுக்கேற்பப் பொருத்தித் தரும் ஃபிட்டரிடம் லை ஆங்கிளை, அதாவது கம்புக்கும் தரைக்கும் உள்ள கோணத்தை, கேள். அடிக்கும் நேரத்தில் கிளப்பின் முனை தரையை விட்டுத் தூக்கி நின்றால் பந்து இடப்பக்கம் இழுக்கும், கம்பை ஒட்டிய குதிப்பக்கம் தூக்கினால் வலப்பக்கம் ஓடும். ஸ்விங்கில் குறை என்று பலர் மாதக்கணக்கில் அல்லாடுவது சில சமயம் இந்தக் கோணம் இரண்டு டிகிரி பிசகியதால்தான்.

புதிது என்றுகூட இல்லை. நல்ல கேவிட்டி பேக் செட் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் தாராளமாக வாங்கு. பந்து படும் ஃபேஸில் கோடுகள் தேய்ந்திருக்கிறதா, ஷாஃப்ட் தலையோடு சேருமிடத்தில் துரு இருக்கிறதா என்று பார். கிரிப்பை மட்டும் புதிதாக மாற்றிவிடு, பழைய ரப்பர் வியர்வையில் வழுக்கும். ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கும் புத்தம்புது செட்டை நம்பாதே, போலிகள் நிறைய உலாவுகின்றன.

பொங்கல் முடிந்ததும் நாங்கள் கோவை வருகிறோம், இரண்டு நாள் உங்கள் வீட்டில்தான். அதற்குள் எதுவும் வாங்கிவிடாதே. என் செட்டையும் கொண்டு வருகிறேன், அதில் கிராஃபைட் ஷாஃப்ட் போட்ட அயர்ன்கள் இருக்கின்றன. பயிற்சி ரேஞ்சில் ஒரு கூடை பந்து அடித்துப் பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம். மணிக்கட்டு அளவை மறக்காமல் எழுது. தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு, பேத்திக்கு ஒரு முத்தம்.

என்றும் அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் ரூம்மேட்