அந்த மீட்டர் விஷயமாக வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

நாங்கள் வெப்ப மீட்டர் பொருத்திக் கொடுத்த ஒரு டீசல் வண்டியின் இன்ஜின் சூட்டில் இறுகிச் சுற்றாமல் நின்றுபோனதும் (சீஸ் ஆனது என்பார்கள்), "போலி சென்சார் மாட்டி ஏமாற்றிவிட்டார்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுவதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்போம், போலி என்ற சொல்லைத்தான் தாங்க முடியவில்லை. அந்தச் சென்சாரைக் கழற்றி, வண்டிக்காரர் எதிரிலேயே, வயரோடு கொதிக்கிற தண்ணீரில் இறக்கினோம். முள் நேராக 100 டிகிரிக்குப் போய் நின்றது. அவரும் பார்த்தார்.

நடந்தது இதுதான். ரேடியேட்டரின் கீழ் ஹோஸில், கிளிப்பை ஒட்டி நகத்தளவு வெடிப்பு. அது வழியாக, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் முழுக்க இறங்கிவிட்டது. சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சூட்டைச் சரியாகச் சொல்லும். கூலன்ட் போய்விட்டால் அதைச் சுற்றி வெறும் காற்றும் ஆவியும்தான். உள்ளே இன்ஜினின் மேல்பாகமான ஹெட் பழுக்கக் காய்ந்துகொண்டிருக்க, முள் மட்டும் 90-லிருந்து 60-க்கு இறங்கியிருக்கிறது. சூடு தணிந்துவிட்டது என்று நினைத்து அவர் ஓட்டிக்கொண்டே போயிருக்கிறார். முள் ஏறினால் நிறுத்துங்கள் என்று சொன்ன நாங்கள், ஓடுகிற வண்டியில் திடீரென்று இறங்கினாலும் நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. அது எங்கள் தவறு. அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டோம், உங்களிடமும் கேட்கிறோம்.

அப்புறம், வண்டியோடு வந்த மீட்டரே போதுமே என்று சிலர் கேட்கிறீர்கள். பல வண்டிகளில் அந்த முள், சூடு பத்து டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள், அது அசைவதற்குள் ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போய்விடலாம். அதனால் தனி மீட்டர் வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இனிமேல் கூலன்ட் குறைந்தால் கத்தும் அலாரத்தையும், ஹெட் உலோகத்தின் சூட்டை நேரடியாகப் பார்க்கும் இன்னொரு சென்சாரையும் சேர்த்துத்தான் பொருத்துவோம். கட்டணம் அதற்கேற்ப மாறும்.

செய்தியைப் பார்த்ததும் முதலில் எங்களைக் கூப்பிட்டு "என்ன நடந்தது" என்று கேட்டவர்களுக்கும், அதே வாரம் வண்டியை நம்பி விட்டுப் போனவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

ஏற்கெனவே எங்களிடம் மீட்டர் போட்டவர்கள் ஒருமுறை வண்டியைக் கொண்டு வாருங்கள், ஹோஸ், கிளிப் எல்லாம் பார்த்துத் தருகிறோம், அதற்குக் காசு வேண்டாம். வரும் வழியில் முள் சட்டென்று இறங்கினால் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுக் கூப்பிடுங்கள், சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம்.